பதினாறு இல்லாத குழந்தை

தம்பி, இது யார் கையெழுத்து என்று யோசித்துக்கொண்டிருக்காதே. அப்பாவுடையதுதான். இதுவரை உனக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான் சொல்லச் சொல்ல ஹாஜா பாய் எழுதினார். அவருடைய மளிகைக் கடையில், நாலு பேர் சீனிக்கும் பருப்புக்கும் நிற்கும்போது என்ன சொல்ல முடியுமோ அதை மட்டும்தான் அவற்றில் சொல்லியிருப்பேன். மழை பெய்தது, மாடு கன்று போட்டது, எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல். இந்தக் கடிதத்தை வயலில், மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன். மும்முனை கரண்ட் வரும் வரை எனக்கு வேறு வேலை கிடையாது. ஒரு வரி எழுதுவேன், நிமிர்ந்து நாற்றங்காலைப் பார்ப்பேன், பிறகு அடுத்த வரி. மேலே எழுதியிருப்பதற்கே ஒரு காலை முழுவதும் போய்விட்டது. ஆனால் போன காலைகளில் இதுபோல ஒரு நல்ல காலையை நான் பார்த்ததில்லை.

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும். மயிலாடுதுறை பஸ்ஸை அதன் நிறத்தை வைத்து ஏறிக்கொண்டிருந்தவன், இப்போது போர்டைப் படித்துவிட்டு ஏறுகிறேன். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டதும் உண்டு. முந்தாநாள் யூரியா மூட்டையை மேலிருந்து கீழ் வரை படித்தேன். கொக்கி போடாதே என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷம் எத்தனை மூட்டையைக் கொக்கி போட்டுத் தூக்கியிருப்போம்! குத்தாலம் கடைத்தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் யாரோ என்னைக் கூப்பிடுவது போல இருக்கிறது. சலூன், பாத்திரக்கடை, ஐஸ் பேக்டரி என்று எல்லாம் பேசுகின்றன. இவ்வளவு நாள் என்னைச் சுற்றி இவ்வளவு பேச்சு நடந்துகொண்டிருந்ததா என்று நினைத்துக்கொள்கிறேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது மலர்தான். ஆம், உன் மனைவி மலர். போன வருஷம் பஞ்சாயத்து டிவி ரூமில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். பத்தாவது படித்த பெண் என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் என்னிடம் வந்து, "போகட்டுமா மாமா?" என்று கேட்டாள். குழந்தை போனதிலிருந்து அவள் அடுப்படியை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. "போம்மா" என்றேன். துணைக்குக் கூட்டிக்கொண்டு போனவன், வாசலில் நிற்கத் தூக்கம் வந்ததால் உள்ளே போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் நான் இருந்தால் நின்றபடியே பேசுகிற பெண், அங்கே என்னைப் பார்த்து, "மாமா, பராக்கு பாக்காம பலகையைப் பாருங்க" என்றாள். அங்கே படிக்க வந்திருந்த என் கூட்டாளி ராமையன் விடுவானா? "மருமக கையால குட்டு வாங்கணும்னே வந்திருக்கான்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மலரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு மறுநாளும் போனேன். எனக்கு எழுத்து வந்தது அப்படித்தான். படிக்க வேண்டும் என்று போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு ஷார்ஜாவில் ஒரே ரூமில் இருக்கும் சீர்காழிப் பையன் குமார் லீவில் வந்திருந்தான் அல்லவா, நீ கொடுத்துவிட்ட பையைக் கொண்டுவந்து கொடுத்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று உட்கார வைத்தோம். நான் உன்னைப் பற்றிக் கேட்டேன். "நல்லா இருக்கான் மாமா" என்றான். நீயும் போனில் அதையேதான் சொல்கிறாய். மலர் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அங்க வெள்ளிக்கிழமதான் லீவு நாளு, அன்னிக்கும் வேலைக்குப் போறான் மாமா. ஏசி மெக்கானிக் எல்லாரும் மத்தியானம் நிழல் பாத்து ஒக்காருவோம், அவன் அப்பவும் மொட்டமாடில ஏறி நிப்பான். எங்க ரூம்ல யாரு வீட்ல சாவுன்னாலும் அவங்க டூட்டியையும் சேத்து இவன்தான் பாக்குறான். எங்கப்பா எறந்தப்ப எனக்கு லீவு கெடைச்சதே இவன் என் டூட்டிய எடுத்துக்கிட்டதாலதான். ஆனா இவன் லீவ மட்டும் எடுக்க மாட்டேங்குறான். இந்தத் தடவையும் எழுதிக் குடுத்துட்டான், எனக்கு லீவு வேணாம்னு."

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்தவன் வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுக்கிற பிள்ளையைத்தான் நாங்கள் வளர்த்திருக்கிறோம். ஆனால் குமார் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டான்: "ஊருக்கு வந்தா என்ன மாமா பிரச்சினை அவனுக்கு?" அவனுக்குத் தெரியவில்லை, தம்பி. உன் குழந்தை இறந்தது உன்னோடு ஒரே ரூமில் படுக்கிறவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நீ சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்று, "ஒண்ணுமில்லப்பா, வேலை முக்கியம்னு நெனைக்கிறான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த நாளை நீயும் மறந்திருக்க மாட்டாய். குழந்தைக்குக் காய்ச்சல் என்று மயிலாடுதுறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம், விடியற்காலையில் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தோம். ஹாஜா பாய் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக உன் கம்பெனிக்குப் போன் போட்டுச் சேதி சொல்லிவைத்தார். நீ திரும்பக் கூப்பிட்டபோது நான் கடையிலிருக்கும் கண்ணாடி போன் கூண்டுக்குள் நின்றிருந்தேன். பங்காளிகள் வெளியே நின்றிருந்தார்கள். நீ அழவில்லை. "அப்பா, மேனேஜர் பக்கத்துலதான் இருக்கார். லீவு தர்றேங்கிறார். காரியம் என்னிக்குன்னு கேக்கிறார், அதுக்கு வந்து சேர்ற மாதிரி டிக்கெட் போடலாம்ங்கிறார்" என்றாய். நல்ல மனிதர் அந்த மலையாளி. பதினாறாம் நாள் என்று சொல்லிவிடுவாய் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர்கள் ஊரிலும் இப்படி ஏதாவது கணக்கு இருக்கும்.

நான் கூண்டுக் கதவைத் திறந்து வெளியே கேட்டேன். பெரிய பங்காளி, "கைப்புள்ளைக்கு என்னடா காரியம்? பல்லு மொளைக்கல, பால ஊத்திட்டுப் பொதைக்க வேண்டியதுதான். இன்னிக்கே எடுத்துரணும், வெயில் ஏறுது" என்றார். அவர் கல் மனதுக்காரர் இல்லை. பேசும்போதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதுதான் வழக்கம், அதைச் சொன்னார். நான் அதை அப்படியே உன்னிடம் சொன்னேன். நீ, "அப்ப வந்து என்னப்பா பண்றது?" என்றாய். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. பெரியவர்களைப் பார்த்தேன், அவர்கள் என்னைப் பார்த்தார்கள். "சரிப்பா, மலரப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாய். மறுநாளே டூட்டிக்குப் போயிருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கப்புறம் மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் நீ கூப்பிடுகிறாய். மழை பெய்ததா என்று கேட்கிறாய், வயலைக் கேட்கிறாய், மாட்டைக்கூடக் கேட்கிறாய்.

உன் அம்மா போனபோது இப்படி இல்லை. அப்போது நீ ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தாய். ஐப்பசி மாதம், தாளடி நடவுக்கு நாற்று முற்றிக்கொண்டிருந்தது. தீட்டு வீட்டுக்காரன் வயலில் இறங்கக்கூடாது. நான் யாரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. ராமையன் தன் வயல் நடவைத் தள்ளிவைத்துவிட்டு நம் வயலுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெண்கள் குலவை போடாமல் நட்டார்கள், சாவு வீட்டு வயல் என்று. பதினாறு வரை யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். யாராவது சோறு கொண்டுவந்தார்கள். எட்டாம் நாள் படையல், கருமாதி, உன் தாய்மாமன் வந்து உன் தலையில் உருமாத் துணி கட்டியது என்று ஒன்று முடிந்தால் அடுத்தது இருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன், மற்றதெல்லாம் தானே நடந்தது. நீ சொல்கிற லீவு என்பது இதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு ஊர் லீவு கொடுத்தது.

ஆனால் அந்த லீவும் ஒரு நாள் முடிந்துபோனது, தம்பி. காரியம் முடிந்த மறுநாள் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. களை எடுக்க வேண்டும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும், நான் வாய்க்கால் மதகில் போய் உட்கார்ந்துகொண்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், "காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, இன்னும் என்னத்துக்கு ஒக்காந்திருக்க?" என்று கேட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். உன் மேனேஜர் கேட்ட மாதிரியேதான். அன்றைக்கு மதகில் என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அதைக் கடைசியில் எழுதுகிறேன். மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, எனக்கு ஞாபகம் இருக்கிறது.

குமார் வந்துபோன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. காரியம் இல்லை என்பதால்தானே நீ வரவில்லை, ஏதாவது ஒரு காரியம் இருந்துவிட்டால் வருவாய் என்று நினைத்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு, நம் வீட்டுக் காரியங்களைச் செய்துவைக்கும் புரோகிதரிடம் போனேன். அவர் வாசலில் பஞ்சாங்கத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். "சாமி, கைக்குழந்தைக்கு வருஷம் கழிச்சுச் செய்யற மாதிரி ஏதாவது காரியம் உண்டா?" என்றேன்.

"பல்லு மொளைக்காத கொழந்தைக்கா? அதெல்லாம் கெடையாதுய்யா. பொதைச்சதோட சரி. மூணு வருஷம் ஆச்சே, இப்ப என்ன திடீர்னு? கனவுல வந்துதா?"

"இல்ல சாமி. பையன் வரணும். வர்றதுக்கு ஒரு நாள் குறிச்சுக் குடுங்க."

"நாள் வேணும்னா பேஷா குறிக்கலாம். என்னத்துக்குன்னு பாக்கறது? கல்யாணத்துக்குப் பாக்கலாம், கெணறு வெட்டப் பாக்கலாம். ஒண்ணுமே இல்லாததுக்கு எப்படிய்யா நாள் பாக்கறது?" கொஞ்ச நேரம் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், பாவம். எனக்காகத்தான் புரட்டினார். பிறகு மூடிவைத்துவிட்டு, "ஒரு வாய் மோர் சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

திரும்பி வரும்போது ஹாஜா பாயிடம் கேட்டேன், உங்களில் எப்படி என்று. "எங்கள்ல சின்னப் புள்ளைக்கும் தொழுக உண்டுண்ணே. எங்க ரெண்டாவது பையனுக்குத் தொழுதுதான் அடக்கம் பண்ணோம். ஆனா அன்னிக்கே முடிஞ்சுரும்" என்று சொல்லிவிட்டுப் பருப்பை நிறுத்தார். அவருக்கு அப்படி ஒரு பையன் இருந்தான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் அந்தக் கடையில் சாமான் வாங்கியிருக்கிறேன். நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "அப்ப நான் குவைத்ல இருந்தேன்" என்றார். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை.

ராமையனிடம் இருப்பது வேறு வழி. "இவ்ளோ ரோசனை எதுக்கு? ஒன்னையக் கொன்னுருவோம்" என்றான். வகுப்பு முடிந்து டிவி ரூம் படியில் உட்கார்ந்திருந்தோம். "அப்பா காலமானார், உடனே புறப்படுன்னு ஒரு தந்தி. அடுத்த ப்ளைட்ல வந்து நிப்பான்."

"வந்து என்னையப் பாத்தா?"

"பாத்தா என்ன? பொழைச்சுக்கிட்டாருன்னு சொல்லுவோம். வாங்கற மால வீணாப் போவாது, எப்படியும் ஒனக்கு வேணும்."

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆட்சேபணை இல்லை, தம்பி. நம் பக்கத்தில் எத்தனை அப்பாக்கள் இப்படித் தந்தியில் செத்துப் பிழைத்திருக்கிறார்கள். அதை எழுதவும் இப்போது யார் தயவும் வேண்டியதில்லை, என் சாவை என் கையாலேயே எழுதிக் கொடுத்திருப்பேன். ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு நீ ஓடிவந்தால் யாருக்காக வந்ததாக இருக்கும்? எனக்காக. எனக்குப் பதினாறு செய்யவும் மொட்டை போட்டுக்கொள்ளவும் ஓடிவருவாய், வழியெல்லாம் எனக்காக அழுவாய், நான் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாய். உன் மகளுக்காக வந்ததாக ஆகாது. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அதன் பிறகு எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை. காவிரியில் தண்ணீர் வரும் வரும் என்று வெறும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அப்படி நின்றுகொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் மலர் ஒரு நாள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் பேசினாள். இருட்டத் தொடங்கியிருந்தது, அவள் எனக்கு இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். முகம் பார்க்காமல் பேசுவது அவளுக்கு வசதியாக இருந்தது போலிருக்கிறது. "மாமா, திருப்பூர்லேர்ந்து எங்கண்ணன் வந்திருந்துச்சுல்ல. அங்க பனியன் கம்பெனில வேல இருக்காம். தைக்கு அப்பறம் வரச் சொல்லுது. போகட்டுமா மாமா?" என்றாள்.

வகுப்புக்குப் போகட்டுமா என்று கேட்ட அதே மாதிரிதான் கேட்டாள். எனக்குக் கால் நின்றுவிட்டது. "ஏம்மா, இங்க எதுவும் கொறையா?" என்றேன்.

"கொறையெல்லாம் இல்ல மாமா. நீங்க இருக்கீங்க. ஆனா இங்க இருந்தா அவரு போனுக்குக் காத்திருக்கணும். அவரு பேசுவாரு. சாப்பிட்டியா, மாமா நல்லாருக்காரா, மழ பேஞ்சுதான்னு கேப்பாரு. வச்சிருவாரு. அவ எப்படி இருந்தான்னு ஒரு தடவகூட கேட்டதில்ல மாமா." அவள் அழவில்லை. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னாள். "அவரு பாக்கவே இல்லல்ல. போட்டோகூட எடுக்கல நம்ப. கேட்டாத்தானே நான் சொல்ல முடியும். நானாச் சொன்னா, வெயில்ல வேல பாக்குற மனுஷன், அங்க போன் கூண்டுக்குள்ள ஒடைஞ்சு போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? எல்லாத்தையும் நானே வச்சிருக்கேன் மாமா. கொஞ்சம் கொஞ்சமா மறக்குது."

வருஷம் நிறையாத குழந்தையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று வேண்டாம் என்றதும் நம் வழக்கம்தான். அதையும் நாம் மீறவில்லை. எதையும் மீறாமல், எல்லா வழக்கத்தையும் ஒழுங்காகச் செய்து முடித்து, கடைசியில் ஒரு பெண் கையில் ஒன்றுமே இல்லாமல் நிற்கிறாள். இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்றும் வரவில்லை. "பொங்கல் வரைக்கும் இரும்மா, பாக்கலாம்" என்றேன். "சரி மாமா" என்றாள். பிறகு, "நாளைக்கு ஒத்தெழுத்து. பாத்துட்டு வாங்க" என்றாள்.

நானே அவளிடம் கேட்டிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். எனக்கும் அவளுக்கும் அப்படிப் பேச வழி இல்லை, தம்பி. நான் மாமனார். குழந்தையை நானும்தான் தூக்கி வைத்திருந்தேன், எனக்கும் எல்லாம் தெரியும். ஆனால் அவள் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் அதே நினைப்பைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, நடுவில் பலகையை வைத்துப் படித்துக்கொண்டிருந்தோம். அந்த வகுப்பு எனக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்று இதை எழுதும்போதுதான் புரிகிறது.

இப்போது மதகில் நடந்ததைச் சொல்கிறேன். உன் அம்மா காரியம் முடிந்து, ஹாஸ்டலுக்குப் போக வேண்டியவன் நீ போகாமல் என்னைத் தேடிக்கொண்டு வாய்க்காலுக்கு வந்தாய். எழுந்திருங்கள் என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாய். தண்ணீரில் புல்லைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாய். ரொம்ப நேரம் கழித்து, "அம்மாவ மொதமொதல்ல எங்கப்பா பாத்தீங்க?" என்று கேட்டாய். அதுவரை என்னிடம் யாரும் அவளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எப்போது எடுக்கிறீர்கள், எத்தனை பேருக்குச் சமையல், எந்தக் கரையில் காரியம் என்று எல்லாம் கேட்டார்கள். நான் உனக்குச் சொன்னேன். திருவையாற்றில் பஸ் நிறுத்தாமல் போன கண்டக்டரை அடுத்த நிறுத்தம் வரை ஓடிப் பிடித்து ஒரு பெண் திட்டிக்கொண்டிருந்ததையும், யார் வீட்டுப் பிள்ளையோ, கட்டிக்கொள்கிறவன் தொலைந்தான் என்று நான் நினைத்துக்கொண்டதையும், அடுத்த மாதம் பெண் பார்க்கப் போன வீட்டில் அதே பெண் காப்பித் தட்டோடு தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றதையும் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான். பொழுது சாயும் வரை பேசிக்கொண்டிருந்தேன், நீ அடுத்ததை அடுத்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். பேசி முடித்ததும் நான் எழுந்து போய் மடையை அடைத்தேன். வயலில் தண்ணீர் அதிகமாக நிற்கிறது என்று அப்போதுதான் கண்ணில் பட்டது.

கேட்கத் தெரிந்த பிள்ளை நீ. இப்போது ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பார்க்காத குழந்தைக்காக அழ நமக்கு உரிமை உண்டா என்று உனக்குச் சந்தேகம். அதனால் யாருக்கெல்லாம் காரியம் இருக்கிறதோ, யாருக்கெல்லாம் சொல்ல ஒரு தேதி இருக்கிறதோ, அவர்களையெல்லாம் அனுப்பிவைத்துவிட்டு அவர்கள் வெயிலில் நீ நிற்கிறாய். தப்பாக இருந்தால் திருத்திக்கொள், நான் புதிதாக எழுதுகிறவன். ஆனால் ஒன்று. உன்னைச் சூப்பர்வைசர் ஆக்கப்போகிறார்கள் என்று குமார் சொன்னான். நாளைக்கு உன் முன்னால் ஒரு பையன் வந்து நின்று லீவு கேட்பான். காரியம் என்றைக்கு என்று கேட்டுவிடாதே. செத்தது யார், எப்படி இருப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேள். அவனுக்குச் சொல்லத் தேதி இல்லாவிட்டாலும் அனுப்பிவை.

வா என்று உனக்கு உத்தரவு போட என்னால் முடியாது. நீ வந்தால் மலர் திருப்பூர் போகாமல் இருப்பாள் என்று உறுதி சொல்லவும் முடியாது. வந்தும் இரண்டு பேரும் பேசாமலே இருந்துவிட்டுப் போய்விடுவீர்களோ என்று பயமாகவும் இருக்கிறது. அப்படி நடந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. என் கையில் இருப்பது இந்தப் பேனா ஒன்றுதான். வந்து என்னப்பா பண்றது என்று அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு மூன்று வருஷம் கழித்துப் பதில் எழுதுகிறேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. தைக்கு முன்னால் வந்து, மதகில் என் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அபிராமி எப்படி இருந்தாள் என்று கேள். அந்தப் பெயரைப் போனில் வைத்தவன் நீதான். அதற்கப்புறம் நீ அதைச் சொல்லிக் கேட்டதில்லை. மேனேஜர் இந்தத் தடவையும் என்ன காரியம் என்று கேட்டால், ஒன்றுமில்லை, ஒருத்தி சொல்வதைக் கேட்டுவிட்டு வரவேண்டியிருக்கிறது என்று சொல். அவர் நல்ல மனிதர், புரிந்துகொள்வார்.

அபிராமி எப்படி இருந்தாள் என்று எனக்கும் தெரியும் என்றேன் அல்லவா. எதைக் கண்டு சிரிப்பாள், யார் தோளில் தூங்குவாள், எந்தச் சத்தத்துக்குத் திரும்புவாள், எல்லாம் தெரியும். இப்போது எனக்கு எழுதவும் தெரியும். இந்தத் தாளில் இன்னும் பாதி இடம் இருக்கிறது, எழுதக் கை துடிக்கிறது. காலியாகவே விட்டு அனுப்புகிறேன். அதை மலரிடம் கேட்டுக்கொள்.

அப்பா